கருத்தடை மாத்திரையின் பிற பயன்கள்: ஒரு வரலாற்று ஆய்வு

கருத்தடை மாத்திரையின் வரலாற்றை 1960ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே பெருவழக்கு. ‘எனோவிட்’ என்னும் மாத்திரையைக் கருத்தடைக்கெனப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இசைவு தந்தது அவ்வாண்டிலேயாம். எனினும், அதே மாத்திரை 1957ஆம் ஆண்டிலேயே மாதவிடாய்க் கோளாறுகளுக்குரிய மருந்தாக இசைவு பெற்றுவிட்டது. இம்மூன்றாண்டு இடைவெளிக்கு எவ்வாறு பொருள் கொள்வது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இதனை வெறும் போர்வை என்பர் ஒரு சாரார். கருத்தடைப் பொருள்களை அஞ்சலில் அனுப்புவதையும் குற்றமாக்கிய காம்ஸ்டாக் சட்டம் 1873இல் இயற்றப்பட்டது. மாசச்சூசெட்ஸ், கனெக்டிகட் ஆகிய மாநிலங்களின் தடைகளும் கடுமையானவை. எனவே, நோயின் பெயரால் மருந்தை நுழைத்தனர் என்பது அவர்தம் கருத்து. 1959 இறுதிக்குள் ஏறத்தாழ 5 இலட்சம் பெண்கள் இதனை உட்கொண்டனர் என்னும் மதிப்பீட்டையும் அவர்கள் சான்று காட்டுவர். அவர்கள் அனைவரும் நோயுற்றோர் அல்லர் என்பது உண்மையே. ஆயின், அதுகொண்டு நோய் தீர்க்கும் பயனே பொய்யென முடிபு கட்டுதல் பொருந்துமா?

பொருந்தாது என்பதற்கு அம்மருந்தின் பிறப்பே சான்று. 1940களில் ரசல் மார்க்கர் மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரான் என்னும் இயக்குநீரை மலிவாக ஆக்கும் வழியைக் கண்டார். அதன்பின், மகப்பேற்று மருத்துவர் ஜான் ராக், பிள்ளைப்பேறு வாய்க்காத 80 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரானையும் சில திங்கள் அளித்து நிறுத்தினார். அவர்களுள் 13 பேர் கருவுற்றனர். அதே காலத்தில் கிரிகரி பிங்கஸ், சூல்முட்டை வெளிப்படுதலைத் தடுக்கும் வழியை ஆராய்ந்து வந்தார். ஒருவர் மகப்பேற்றை விழைந்தார். மற்றவர் அதனைத் தவிர்க்கும் வழியை நாடினார். இருவரும் ஒரே பொருளில் வந்து கூடினர்.

மருந்து செயற்படும் முறையும் இம்முடிபையே வலியுறுத்தும். மாத்திரை சூல்முட்டை வெளிப்படாமல் தடுக்கிறது. கருப்பையின் உட்படலம் தடித்து வளராமலும் செய்கிறது. படலம் மெலியவே உதிரப்போக்கு குறைகிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையும் தணிகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்து வலி தரும் பொருள்களும் குறைவாகவே சுரக்கின்றன. ஆகவே, கருத்தடையும் நோய் தணிப்பும் ஒரே செயலின் இரு விளைவுகள் என்பது போதரும்.

இவ்வேறுபாட்டைத் திருச்சபையும் உணர்ந்திருந்தது. கருத்தடையை ஏற்காத போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், கருப்பை நோய்க்கு மருந்தாக இதனை உட்கொள்ளல் ஏற்புடைத்தென 1958இல் கூறினார். மாத்திரையைக் கருத்தடைக்கெனக் கொள்வதை 1968இல் மறுத்த ஆறாம் பவுலின் சுற்றுமடலும் நோய் தீர்க்கும் மருந்தை விலக்கவில்லை.

1957இல் எவரும் அறிந்திராத பயன் ஒன்று பின்னர் வெளிப்பட்டது. சூல்முட்டை வெளிப்படுந்தோறும் சூலகத்தின் மேற்பரப்பு புண்ணுற்று ஆறுகிறது. இடையறாத இந்நிகழ்வு புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என எகிப்திய மருத்துவர் மகமூத் ஃபத்தல்லா 1971இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். 21 நாடுகளில் நிகழ்ந்த 45 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த அறிக்கை, மாத்திரையை உட்கொண்ட ஒவ்வோர் ஐந்தாண்டிற்கும் சூலகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவதையும், நிறுத்திய பின்னும் அக்காப்பு பல்லாண்டு தொடர்வதையும் காட்டிற்று. கருப்பை உட்படலப் புற்றுநோயும் குறைகிறது. போர்வை என்று தொடங்கியதாகக் கூறப்படும் பயன், காலப்போக்கில் விரிந்ததேயன்றிச் சுருங்கவில்லை.

பயனைக் கூறுவோர் தீங்கை மறைத்தல் ஆய்வு நெறியாகாது. 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் தொடங்கிய சோதனையில் பங்குற்ற பெண்களுக்கு, அஃது ஒரு சோதனை என்பது தெளிவாக உணர்த்தப்படவில்லை. முதல் மாத்திரைகளின் அளவு இன்றைய அளவினும் பன்மடங்கு மிகுதி. குருதிக்கட்டி பற்றிய செய்தி 1961இலேயே வெளிவந்தது. எனினும், 1970இல் அமெரிக்கச் செனட் சபை விசாரணைக்குப் பின்னரே எச்சரிக்கைத் தாள் மாத்திரையுடன் வைக்கப்பட்டது. புகைபிடிக்கும் 35 வயது கடந்த பெண்களுக்கு இடர் மிகுதி. உட்கொள்ளுங்காலத்து மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுதலும் உண்டு.

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மாத்திரை உட்கொள்ளும் பெண்களுள் 14 விழுக்காட்டினர் கருத்தடை அல்லாத காரணங்களுக்காக மட்டுமே அதனைக் கொள்வதாகவும், இவர்களையும் உள்ளிட்டு 58 விழுக்காட்டினர்க்கு அத்தகைய காரணம் ஓரளவேனும் உள்ளதாகவும் கண்டது. எனவே, 1957ஆம் ஆண்டின் பெயர் முழுப் பொய்யன்று. 1960ஆம் ஆண்டின் பெயர் முழு உண்மையுமன்று என்பதே எம் துணிபு.

பெயரால் விளைந்த இடர் பெண்களையே சார்ந்தது. முன்னைய பெயர் வழங்கிய காலத்தில், கருத்தடை விழைந்தவள் இல்லாத நோயைச் சொல்ல நேர்ந்தது. பின்னைய பெயர் நிலைத்த பின், வலியால் வருந்தும் மணமாகாத பெண் தனக்குரிய மருந்தைக் கேட்கவும் நாண நேர்ந்தது. மருந்தின் வரலாறு எழுதுவோர் இவ்விருவரையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.