மேலே பனி, கீழே அனல்

மார்கழி மாதத்து விடியற்காலையில் கோலார் தங்கவயலைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. சுரங்கக் கழிவு மண்ணால் எழுந்த வெளிறிய குன்றுகளின்மீது மூடுபனி படிந்திருக்கும். உரிகம், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் ஆகிய இடங்களின் தெருக்களில், தலையோடு கால் போர்த்திய உருவங்கள் நடமாடும். வெப்பநிலை 15 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. தில்லியிலும் அதற்கு வடக்கேயும் வாழும் நேயர்கள் இதைக் கேட்டுப் புன்முறுவல் கொள்ளலாம். ஆயினும், மெல்லிய பருத்திச் சட்டையுடன் கருங்கல் தரையில் அமர்ந்து சிலேட்டில் எழுதும் ஒரு சிறுவனுக்கு அந்தக் குளிரே மிகுதி.

அச்சிறுவன் எவ்வாறு குளிர் காத்துக்கொண்டு பாடம் படித்தான்? இது மிகச் சிறிய செய்தியாகத் தோன்றும். எனினும், தங்கவயலில் குடியேறிய தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதியை இச்சிறிய செய்தியின் வழியாகவே நாம் அறிந்துகொள்ள இயலும்.

1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். வெப்பம் மிகுந்த சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள். மேட்டுநிலத்துக் குளிருக்கு ஏற்ற உடையோ வீடோ அவர்களிடம் இல்லை. நெடுங்காலம் வரையில் அவர்களுடைய குடியிருப்புகள் மூங்கில் தட்டிகளால் ஆனவை. தட்டியின் இடுக்குகளில் பனிக்காற்று தடையின்றி நுழைந்தது. ‘சிறிய இங்கிலாந்து’ என்று பெயர் பெற்ற அதே ஊரில், வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது.

1902 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரத் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது 1905 ஆம் ஆண்டில்தான். அதற்கும் முன்னதாக இங்கே வந்த மின்சாரம் சுரங்க எந்திரங்களை இயக்குவதற்காகவே வந்தது. வகுப்பறைகளைச் சூடாக்குவதற்கு அன்று.

இனி, நிலத்துக்குக் கீழே செல்வோம். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி சென்டிகிரேடைக் கடந்துவிடும். மேலே குளிரில் உறைந்த தொழிலாளி, கீழே இறங்கியதும் இடுப்புத் துணியோடு வியர்வையில் நனைந்தான். மனிதர் வேலை செய்ய முடியாத அந்த வெப்பத்தைத் தணிப்பதற்காக, காற்றைக் குளிரச் செய்து கீழே செலுத்தும் எந்திரங்கள் பெரும் பொருட்செலவில் நிறுவப்பட்டன. தங்கம் எடுப்பதற்குக் காற்றைக் குளிர்விக்க வேண்டியிருந்தது; அதற்கு வழி பிறந்தது. அத்தொழிலாளியின் பிள்ளை எழுத்துக் கற்பதற்குச் சற்று வெதுவெதுப்பு வேண்டியிருந்தது. அதற்குரிய வழியைப் பெற்றோரும் ஆசிரியருமே தேடவேண்டியவராயினர்.

அவர்கள் தேடியதற்குக் காரணம் உண்டு. பாறை வெடிப்பும் கல் தூசியும் எத்தனை உயிர்களைக் கொண்டன என்பதை அக்குடும்பங்கள் நன்கு அறிந்திருந்தன. தம் மக்கள் அக்கூண்டில் ஏறி இறங்காதிருக்க வேண்டுமானால் கல்வி ஒன்றே துணை என்று அவை கருதின. பண்டித அயோத்திதாசர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. 1907 ஆம் ஆண்டில் அவர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின்னர் தங்கவயலிலிருந்தே வெளிவந்த காலமும் உண்டு. கூலி வேலைக்கு வந்த மக்கள் பத்திரிகை நடத்திய ஊர் இது. அத்தகைய ஊரில், குளிர் காரணமாக ஒரு பிள்ளை பள்ளிக்குச் செல்லாதிருப்பது சிறிய இழப்பாகாது.

குளிர் உடலை எவ்வாறு தாக்குகிறது என்பதையும் சிறிது நோக்குவோம். குளிர் மிகும்போது உடல் தன் உள்ளுறுப்புகளைக் காக்க முற்படுகிறது. கை கால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆதலால் முதலில் விறைப்பவை விரல்களே. விறைத்த விரலால் பலப்பத்தைப் பிடிக்க இயலாது, எழுத்து கோணும். ஆசிரியர் அதைச் சோம்பல் என்று எண்ணிக் கடிந்துகொள்வார். உண்மையில், அச்சிறுவனின் அறிவு மந்தமாகவில்லை. அவனுடைய விரல்களே மந்தமாயின.

இதற்குக் கைகண்ட மருந்து கம்பளி. கன்னட நாட்டுக் குறும்பர்கள் தங்கள் ஆட்டு மயிரைக் கொண்டு நெய்யும் கறுப்புக் கம்பளி முரடானது, உடலை உறுத்தும். ஆனால் அதன் இழைகளுக்கிடையே தங்கும் காற்று, உடலின் சூட்டை வெளியே விடாது. தடித்த துணி ஒன்றைக் காட்டிலும் மெல்லிய துணிகள் இரண்டு மிகுந்த வெப்பம் தருவதற்கும் இதுவே காரணம். சமவெளித் தமிழர் இக்கம்பளியைத் தமதாக்கிக் கொண்டனர். இரவில் தந்தை போர்த்தியது காலையில் மகனின் தோளில் ஏறுவதும் ஏழைக் குடும்பங்களில் இயல்பு.

அடுத்தது தரை. கல் தரை உடலின் சூட்டை விரைவில் உறிஞ்சிவிடும். மடித்த சாக்கு ஒன்றை விரித்தாலே போதும். பாதிக் குளிர் நீங்கும். மூன்றாவது வெயில். மார்கழியிலும் தையிலும் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய தாழ்வாரத்தில் வெயில் நெடுநேரம் விழும். அங்கே முதல் பாடத்தை நடத்தும் ஆசிரியர் பிள்ளைகளின் உள்ளத்தை அறிந்தவர். நான்காவது உணவு. கோலார்ச் சீமை கேழ்வரகுக்குப் பேர்பெற்றது. காலையில் சூடான கேழ்வரகுக் கூழ் உண்டு வந்த பிள்ளைக்கும், வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர் முகத்தைப் பார்த்தே கூறிவிடலாம்.

கடைசியாக, கூட்டம். அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதரின் உடல், 100 வாட் விளக்கு ஒன்றின் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. சிறுவரின் உடல் தருவது அதனினும் குறைவே. எனினும் நாற்பது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்த அறையில் அந்த வெப்பம் திரண்டு நிற்கிறது. முதல் மணியில் நடுங்கிய வகுப்பு இரண்டாம் மணியில் நிமிர்ந்து உட்காருவதன் காரணம் இதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் குமுட்டி அடுப்பை அறைக்குள் வைப்பது பேராபத்து. கரி புகையும்போது வெளிப்படும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். காற்றோட்டமே உயிர் என்பதைச் சுரங்கத் தொழிலாளியைவிட நன்கு அறிந்தவர் எவர்?

வடக்கே வாழும் தமிழரும் இத்தகைய பாடங்களைக் கற்றவர்களே. தில்லியில் தென்னிந்திய ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1923 ஆம் ஆண்டில் தோன்றிய கல்வி அமைப்பு, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்திருக்கிறது. கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரலை மூடிக்கொண்டு, அப்பள்ளிகளில் அகரம் எழுதிய தலைமுறைகள் பல. ஊர் எதுவாயினும், தாய்மொழியின் முதல் எழுத்தைக் குளிரில் எழுதிப் பழகிய பிள்ளைகள் ஒரே குடும்பத்தவர் என்றே நாம் கருதலாம்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது, அனல் வீசிய ஆழங்களில் நீர் புகுந்தது. மேலே பனி மட்டும் மாறவில்லை. இன்று விடியற்காலையில் கம்பளிச் சட்டையும் குல்லாயும் அணிந்து மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுள் சுரங்கத்தில் இறங்கியவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். கூண்டில் இறங்கும் நிலையிலிருந்து அவர்களை விடுவிக்கத் துணைநின்றது அந்தக் குளிர்ந்த வகுப்பறைக் கல்வி என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, இந்தப் பனிக்காலத்தில் நம் குடியிருப்பை அடுத்த பள்ளியில் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை எவரேனும் இருப்பின், அப்பிள்ளை எந்த மொழி பேசினாலும், நம் பெட்டியில் உறங்கும் பழைய கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுப்போமாக. அப்பிள்ளையின் எழுத்து நேராகும்.