இரண்டு கணினிகள், ஒரே கணக்கு: பரிவர்த்தனை இணைப்புகளின் வரலாறு

முதலில் ஒரு கேள்வி. ஒரு வங்கியில் சேமிப்புக் கணக்குகள் ஒரு பெருங்கணினியிலும் கடன் கணக்குகள் இன்னொன்றிலும் இருக்கின்றன. நீங்கள் சேமிப்பிலிருந்து 100 வெள்ளி எடுத்துக் கடனைக் கட்டுறீங்க. இந்தப் பக்கம் கழிச்சாச்சு. அந்தப் பக்கம் சேர்ப்பதற்குள் இணைப்பு அறுந்துபோச்சு. அந்த 100 வெள்ளி எங்கே?

தொடக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் உருவாக்கிய 'சேபர்' முன்பதிவு முறையைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரே மையத்தில் இரண்டு ஐபிஎம் 7090 கணினிகள். கிளை அலுவலகங்கள் தொலைபேசிக் கம்பி வழியே அந்த மையத்தோடு பேசின. பதிவேடு ஓரிடத்தில்தான் இருந்தது.

1969இல் ஐபிஎம் 'சிஐசிஎஸ்' என்ற பரிவர்த்தனை மென்பொருளை வெளியிட்டது. நிறுவனங்கள் வளர வளர, பதிவேடுகளும் பல கணினிகளில் பிரிந்தன. கணினிகள் ஒன்றோடொன்று பேசப் பொது விதிகள் வேண்டும் அல்லவா? 1974இல் ஐபிஎம் அறிவித்த 'எஸ்என்ஏ' அந்த விதிகளைத் தந்தது.

இணைப்பை ஒரு பக்கம் மட்டும் அமைத்தால் போதாது. இரண்டு பக்கமும் எழுதி வைக்க வேண்டும். எதிர்க் கணினியின் வலைப்பெயர் என்ன? ஒரே நேரத்தில் எத்தனை உரையாடல்கள்? இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் யார் விட்டுக்கொடுப்பது? உதாரணமாக, மொத்தம் 8 வழிகள் என்றால், 4இல் இவருக்கு முன்னுரிமை, 4இல் அவருக்கு. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் இணைப்பு கிடைக்காது.

சரி, நடுவில் அறுந்தால்? அமெரிக்க அறிஞர் ஜிம் கிரே 1978இல் விளக்கிய 'இருகட்ட உறுதி' முறை இதற்கு விடை சொல்கிறது. ஒருங்கிணைக்கும் கணினி முதலில் எல்லாரையும் "தயாரா?" என்று கேட்கும். எல்லாரும் "தயார்" என்றால்தான் "முடி" என்ற முடிவைத் தன் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அறிவிக்கும். ஒருவர் மறுத்தாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். "தயார்" என்று சொன்ன பிறகு கம்பி அறுந்தால், அந்தக் கணினி தானாக முடிவெடுக்காது. பதிவைப் பூட்டி வைத்துக் காத்திருந்து, இணைப்பு வந்ததும் கேட்டுக்கொள்ளும். ஆக, அந்த 100 வெள்ளி தாமதமாகலாம், தொலைந்து போகாது. பரிவர்த்தனை ஆய்வுக்காகக் கிரே 1998இல் டூரிங் விருது பெற்றார்.

மாணவர்களே, தேர்வில் வெறும் ஆண்டுகளை அடுக்காதீங்க. எந்தச் சிக்கல் எந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தது என்று எழுதுங்கள்.

ஆசிரியர்களே, மூன்று மாணவர்களை நிற்க வைத்து இதை நடித்துக் காட்டச் சொல்லலாம். "தயார்" என்று சொன்னவுடன் ஒருவரின் காதைப் பொத்திவிடுங்கள். அவர் ஏன் காத்திருக்கணும் என்பது வகுப்புக்கே புரிந்துவிடும்.