பெப்பிஸ் டைரியும் 1825 முதல் பதிப்பும்

பழைய டைரிகளோட முதல் பதிப்பைத் தேடி அலையுறவரா நீங்க? காசு கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

சாமுவேல் பெப்பிஸ், இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தில் அதிகாரி. 1660 முதல் 1669 வரை டைரி எழுதினார். டாக்டரா எனக்கு இவர் மேல தனிப் பிரியம். 1658 மார்ச் 26-ல், மயக்க மருந்தே இல்லாத காலத்தில், சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்து எடுத்துப் பிழைச்சவர்! அந்தக் கல்லுக்குத் தனியா ஒரு பெட்டியே செஞ்சு வெச்சிருந்தார்.

டைரி முழுக்கச் சுருக்கெழுத்து. இருக்கிறது கேம்பிரிட்ஜ் மாட்லின் கல்லூரியில். ஜான் ஸ்மித்னு ஒரு ஏழை மாணவர் 1819-ல் ஆரம்பிச்சு மூணு வருஷம் உட்கார்ந்து அதைப் படிச்சு எழுதினார். அந்தச் சுருக்கெழுத்துக்கான கையேடு அதே நூலகத்தில், பெப்பிஸோட புத்தகங்களுக்கு நடுவிலேயே இருந்தது. பாவம், யாரும் சொல்லல.

1825-ல் முதல் பதிப்பு, 2 தொகுதிகள். பதிப்பாசிரியர் பிரேபுரூக் பிரபு. சேகரிப்பாளர்கள் தேடுறது இதைத்தான். ஆனா டைரியில் பாதி கூட அதில் கிடையாது. பெண்கள்கிட்ட அத்துமீறினதை பெப்பிஸே எழுதிவெச்ச பக்கங்கள் எல்லாம் காலி. கேஸ் ஷீட்ல சங்கடமான பக்கங்களைக் கிழிச்சிட்டு நம்ம கையில் கொடுத்த மாதிரி. அந்தப் பெண்களுக்கு நடந்தது ஒண்ணுவிடாம அச்சேறினது, 1970-ல் தொடங்கி 1983-ல் முடிஞ்ச 11 தொகுதிப் பதிப்பில்தான். படிக்கணும்னா அதை வாங்குங்க.

1825 பதிப்பு எங்கேயாவது கண்ணில் பட்டா முகப்புப் பக்கத்தை மட்டும் புரட்டிப் பாருங்க. சுருக்கெழுத்தைப் படிச்சவர்னு ஸ்மித் பேர் போட்டிருக்கும்.