முந்நூறு யென் பெட்டியும் வெள்ளைப் பிளாஸ்டிக்கும்

1980 ஜூலையில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்த அந்தப் பெட்டியின் விலை 300 யென். மேல் அட்டையில் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பளபளக்கும் ஒரு போர் ரோபோ. பெட்டியைத் திறந்தால் எல்லாமே வெள்ளை. நீலமாக இருக்க வேண்டிய நெஞ்சும் வெள்ளை, சிவப்பாக இருக்க வேண்டிய பாதமும் வெள்ளை. கூடவே ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை. அட்டையில் பார்த்த ரோபோ வேண்டுமென்றால் வாங்கியவரே பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டும். இன்று உலகம் முழுக்க கன்ப்ளா என்று அழைக்கப்படும் கன்டம் மாடல் கிட்டுகளின் தொடக்கம் அதுதான்.

நான் கோயம்புத்தூரில் டூல் ரூம் வேலை கற்றவன். இப்போது ஷிசுவோகா மாகாணத்தில் பிளாஸ்டிக் அச்சு செய்கிறேன். அந்த வெள்ளை நிறத்தின் காரணம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பார்த்தவுடன் புரியும். சாதாரண மெஷினில் ஒரு ஷாட்டுக்கு ஒரு நிறம்தான். நான்கு நிறம் வேண்டுமென்றால் நான்கு அச்சு வெட்ட வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் மெஷினைத் துப்புரவு செய்ய வேண்டும். 300 யெனுக்கு விற்கும் பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. கன்ப்ளாவுக்கு வண்ணம் தீட்டும் கலை இந்தக் குறையில் பிறந்தது என்பதுதான் என் கட்சி. அந்தக் குறையைப் போக்க எங்கள் தொழில் பிறகு பல பத்தாண்டுகள் பாடுபட்டது. குறை போன பிறகும் கலை போகவில்லை.

தொலைக்காட்சித் தொடரிலிருந்து தொடங்கவேண்டும். தோமினோ யோஷியுகி இயக்கிய ‘மொபைல் சூட் கன்டம்’ 1979 ஏப்ரலில் ஒளிபரப்பானது. ரோபோக்களை வரைந்தவர் ஒகவாரா குனியோ. பணம் போட்ட க்ளோவர் என்ற பொம்மை நிறுவனம் சிறு பிள்ளைகளுக்கான பொம்மைகளை விற்றது; தொடரோ போரின் களைப்பையும் அகதிகளையும் பேசியது. பார்வையாளர் எண்ணிக்கை ஏறவில்லை. 52 பகுதிகளாகத் திட்டமிட்ட தொடரை 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். பண்டாய் நிறுவனத்தின் அந்த 300 யென் கிட் வந்தது அதற்கும் அரை ஆண்டு கழித்து. மறுஒளிபரப்பில் தொடரைப் பிடித்துக்கொண்ட பள்ளி, கல்லூரி மாணவர்கள்தான் அதை வாங்கினார்கள். 1981-லும் 1982-லும் மூன்று திரைப்படங்கள் வந்தபோது கடை வாசலில் வரிசை நின்றது. 1982 ஜனவரியில் சிபா மாகாணத்தில் ஒரு கடையில் கிட் வாங்க ஓடிய கூட்டத்தில் பிள்ளைகள் காயப்பட்ட செய்தியும் உண்டு.

அந்தக் கிட்டில் என்னைக் கவர்வது அதன் அளவு. கதையில் கன்டத்தின் உயரம் 18 மீட்டர். அதை 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். எதிரிப் படையின் ஜாக்கு 17.5 மீட்டர், அதையும் அதே 1/144-இல் கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் கன்டம் ஒரு மயிரிழை உயரமாக இருக்கும். அதுவரை ரோபோப் பொம்மை என்பது கைக்கு அடக்கமான ஏதோ ஓர் உயரம். விமானத்துக்கும் டாங்கிக்கும் இருப்பதுபோல ஓர் அளவுவிகிதம் கிடைத்ததும் ‘இப்படி ஒரு இயந்திரம் நிஜமாக இருந்தால் அதன் பெயிண்ட் எப்படி இருக்கும்?’ என்ற கேள்வியைக் கேட்க முடிந்தது. வெயிலில் எப்படி வெளுக்கும்? முழங்கால் எங்கே உரசும்? புகைபோக்கியின் விளிம்பில் கரி எவ்வளவு படியும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தயாராக இருந்தது. அதைச் சொல்ல ஷிசுவோகாவின் கதையும் கொஞ்சம் வேண்டும். இது பழைய மரவேலை ஊர். தோகுகவா காலத்தில் செங்கென் ஆலயத் திருப்பணிக்கு வந்த தச்சர்களும் அரக்குவேலைக்காரர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். 1924-இல் தொடங்கிய அவோஷிமா மரத்தில் மாதிரி விமானம் செய்தது. தமியா 1946-இல் மரக்கடையாகத் தொடங்கி, தீ விபத்துக்குப் பிறகு மர மாடல்களுக்கு மாறி, 1960-இல் யமாத்தோ போர்க்கப்பலோடு பிளாஸ்டிக்கில் இறங்கியது. பண்டாய் வெளியூர் நிறுவனம். 1969-இல் நொடித்துப்போன இமாய் என்ற மாடல் நிறுவனத்தின் ஷிமிசு தொழிற்சாலையையும் அச்சுகளையும் வாங்கித்தான் இந்த வட்டாரத்துக்குள் வந்தது. இமாய் ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் கிட்டுகளால் கொழித்த நிறுவனம். கன்ப்ளாவின் வேர் அந்தப் பட்டறையில் இருக்கிறது.

எழுபதுகள் முழுக்கத் தமியாவின் 1/35 டாங்கிகளை வைத்து ஒரு தலைமுறை சேறு பூசவும் துருப்பிடிக்க வைக்கவும் கற்றுக்கொண்டது. அந்தத் தலைமுறையின் கையில் வெள்ளை ரோபோ கிடைத்ததும் டாங்கிக்குச் செய்ததை அதற்கும் செய்தார்கள். ‘ஹாபி ஜப்பான்’ இதழில் ஸ்ட்ரீம் பேஸ் என்ற இளைஞர் குழு கிட்டின் கணுக்காலை வெட்டி, மூட்டை மாற்றி, பளிச்சென்ற நிறங்களைச் சாம்பல் கலந்து அடக்கிக் காட்டியது. 1981-இல் அந்த இதழின் சிறப்புத் தொகுப்பு வந்தபோது அது ஒரு பாடநூலாகவே ஆகிவிட்டது. குழுவில் இருந்த கவாகுச்சி கத்சுமி பின்னால் பண்டாயிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1983-இல் வந்த ‘மொபைல் சூட் வேரியேஷன்’ வரிசைக்கும் வித்து இங்கேதான் விழுந்தது: தொடரில் வராத ரோபோக்கள், பாலைவனப் படைக்கு ஒரு நிறம், பெயர் பெற்ற விமானிக்கு ஒரு நிறம். பெயிண்ட் அடித்தவர்களின் கற்பனையை நிறுவனம் அச்சில் வார்த்தது என்றே சொல்வேன்.

பழைய கிட்டின் கையை எடுத்துக்கொள்வோம். இடம், வலம் என்று இரண்டு பாதியாக வரும். ஒட்டினால் நடுவில் ஒரு கோடு ஓடும். அதை மறைக்க இரண்டு விளிம்பிலும் பசையைத் தாராளமாகத் தடவிச் சற்றுப் பொறுத்து அழுத்த வேண்டும். பசை பாலிஸ்டைரீனைக் கரைக்கும். கரைந்த பிளாஸ்டிக் இணைப்பிலிருந்து மெல்லப் பிதுங்கி மேலே வரும். அதைத் தொடவே கூடாது. நாள்கணக்கில் காயவிட்டு, 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 800 என்று தேய்த்துக்கொண்டே போனால் கோடு போய்விடும். அவசரப்பட்டால் சில வாரம் கழித்து அந்த இடம் உள்வாங்கும். பள்ளம் இருந்தால் பட்டி பார்க்க வேண்டும். காருக்குப் பட்டி பார்க்கிற அதே வேலை, நகம் அளவு இடத்தில்.

அடுத்து பெயிண்ட். அடியில் லேக்கர், அதன்மேல் அக்ரிலிக், எல்லாவற்றுக்கும் மேலே எனாமல் என்பது இங்கே எல்லோரும் கடைப்பிடிக்கும் வரிசை. லேக்கர் தின்னர் மற்ற இரண்டையும் கரைத்துவிடும். எனாமல் தின்னர் காய்ந்த லேக்கரை ஒன்றும் செய்யாது. அதனால்தான் கோடு ஓட்டுவதற்கு எனாமல். கறுப்பும் பழுப்பும் கலந்து தண்ணீராக இளக்கி, நுனித் தூரிகையால் பள்ளக்கோட்டின் ஒரு முனையைத் தொட்டால் போதும். மை தானாகவே கோடு முழுக்க ஓடிவிடும். வழிந்ததைத் தின்னர் நனைத்த காது குடையும் பஞ்சால் துடைத்துவிடலாம். அதே தின்னர் பெயிண்ட் படாத, இறுக்கமாகப் பொருந்திய மூட்டில் கசிந்தால் பிளாஸ்டிக் விண்டுபோகும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாகமென்றால் இன்னும் மோசம்.

பின்னாளில் மாக்ஸ் வத்தனபே என்ற மாடல் கலைஞரின் பெயரால் ஒரு முறை பரவியது. முதலில் உடம்பு முழுக்க இருண்ட நிறம். பிறகு ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஏர்பிரஷ்ஷால் சரியான நிறம், ஓரத்தில் இருட்டு அப்படியே தங்கும்படி. பன்னிரண்டு சென்டிமீட்டர் பொருளுக்குத் திடீரென்று எடை வந்துவிடும். இந்தக் கலையில் நடந்த பெரிய தாவல்களில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

இதற்கிடையே அச்சுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1990-இல் வந்த ஹை கிரேட் கன்டத்தில் ஒரே ரன்னரில், அதாவது பாகங்களைத் தாங்கும் ஒரே பிளாஸ்டிக் சட்டத்தில், நான்கு நிறப் பாகங்கள் இருந்தன, பசையும் வேண்டாம். நான்கு நிறத்தை ஒரே அச்சுக்குள் ஒன்றையொன்று கலக்காமல் நிறுத்துவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த ரன்னரைக் கையில் எடுத்தால் கும்பிடத் தோன்றும். 1995-இல் மாஸ்டர் கிரேட், 1998-இல் பர்ஃபெக்ட் கிரேட். 2010-இல் வந்த ரியல் கிரேடில் எலும்புக்கூடு அச்சிலிருந்து வரும்போதே மூட்டோடு அசைகிறது. இணைப்புக் கோடுகளையும் இப்போது தகட்டுக் கோட்டுக்குள் மறைத்துவிடுகிறார்கள். 2020-இல் அந்த 300 யென் கிட்டையே பசை வேண்டாத புதிய அச்சில் வெளியிட்டார்கள்.

ஆனாலும் கடையில் பெயிண்ட் அலமாரி சுருங்கவில்லை. மே மாதம் ஷிசுவோகா ஹாபி ஷோ நடக்கும்போது, மாடல் கிளப்புகள் மேசை போட்டுத் தங்கள் வேலையைப் பரப்பி வைப்பார்கள். அங்கே ஒரே ஜாக்குவைப் பல பச்சைகளில் பார்க்கலாம். ஒருவர் தோல்போலச் சொரசொரப்பாக விட்டிருப்பார், ஒருவர் பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிவதாகச் செய்திருப்பார். பெட்டிக்குள் நிறுவனம் போட்டுத்தரும் பச்சை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். அது நல்ல பச்சைதான், ஆனால் அதற்கு வெயிலும் மழையும் தெரியாது.

1980 அச்சையும் பண்டாய் இன்னும் ஓட்டி விற்கிறது. அதை நிறுத்திவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்கிறேன். இணைப்புக் கோடு, வெள்ளை உடம்பு, வளையாத கணுக்கால் என்று கற்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு பெட்டியில் இருக்கிறது. விலையும் குறைவு, கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.