கலகெதரக் கணவாயும் கண்டி நாட்டுச் சோறும்

கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலை நோக்கிச் செல்லும் சாலையில், மலைநாடு தணிந்து தாழ்நிலத்தை அணுகும் இடத்திலே, தும்பனைப் பகுதியைச் சேர்ந்த கலகெதர என்னும் ஊர் இருக்கிறது. 1803-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஜெனரல் மக்டோவலின் ஆங்கிலேயச் சேனை இவ்வூரிலும் சமீபத்துக் கிரிஹாகமையிலும் கண்டியர் அமைத்திருந்த காவல்களைப் பிடித்து, மேலேறித் தலைநகராகிய கண்டியை அடைந்தபோது, ஜனங்கள் அதைக் காலி செய்து போயிருந்தார்கள். அங்கே நிறுத்தப்பட்ட துருப்புகள் நோயினாலும் உணவு முடையினாலும் நலிந்து, ஜூன் மாதத்தில் சரணடைந்தன. படையெடுப்பின் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்நியன் ஒருவன் இந்நாட்டில் என்ன உண்டான், அதை யார் இட்டார்கள் என்ற கதையே என் மனத்தை அதிகம் கவர்கிறது.

அக்கதையை நமக்கு விரிவாகச் சொல்பவர் ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி. 1660-இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனுடைய ஆட்களிடம் பிடிபட்டு, தந்தையுடன் குருநாகல் பக்கத்துப் பண்டார கொஸ்வத்தையில் வைக்கப்பட்ட அவ்விளைஞர், அடுத்த ஆண்டிலேயே தந்தையை அங்கே பறிகொடுத்து, ஏறக்குறைய பத்தொன்பது வருஷங்களுக்குப் பின் டச்சுக்காரரின் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்று, 1681-இல் லண்டனில் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அரசன் ஆணைப்படி கைதிகளுக்கு உணவளிக்கும் கடமை கிராமத்தார்மீது விழுந்தது. வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறு வந்தது. நாளடைவில் கைதிகள், சமைத்த சோற்றுக்குப் பதிலாக அரிசியே வேண்டுமென்று கேட்டு, மிச்சம் பிடித்து, அதைக் கொண்டு உடை முதலிய தேவைகளைத் தேடிக்கொண்டார்கள். பிறகு நாக்ஸ் குல்லாய் பின்னி விற்றார். கண்டிக்குத் தெற்கே எலதெத்தையில் நிலமும் வாங்கினார். நிர்ப்பந்தத்தினால் உண்ணத் தொடங்கியவர், அவ்வுணவை இத்தனை கவனத்தோடு எழுதிவைத்தது பெரும் விசேஷம்.

சோறும் உப்பும் சிறிது கீரையும் எலுமிச்சைச் சாறும் மிளகும் இருந்தால் இம்மக்களுக்கு அது நல்ல போஜனம் என்றும், நீர் அருந்துகையில் பாத்திரத்தை உதட்டில் படாமல் தூக்கி வார்த்துக்கொள்வார்கள் என்றும் அவர் குறித்திருப்பதைப் படிக்கும் தமிழருக்கு அது அயல்நாடாகவே தோன்றாது. ஆயினும் பலாவைப் பற்றிய பகுதியே எல்லாவற்றிலும் சிறந்தது. பிஞ்சாயிருக்கையில் ‘பொலஸ்’, முற்றிய காயாயிருக்கையில் ‘கொஸ்’, பழுத்தபின் வேறொரு பெயர் என, ஒரே மரம் பருவத்துக்கொரு பெயரோடு ஜனங்களைக் காப்பாற்றுவதை அவர் நன்கு அறிந்திருந்தார். கித்துள் மரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு காலன் இன்சாறு தருவதையும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதையும் கூடச் சொல்கிறார். நெல் வயலிலிருந்து வர, மற்றவை பெரும்பாலும் வீட்டைச் சுற்றிய தோட்டத்திலிருந்தே வந்தன; கண்டி நாட்டுச் சமையலின் ஜீவன் இத்தோட்டந்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகையால், முதன்முதலாகக் கடல் கடந்து இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே தங்கும் உத்தேசத்தோடு கண்டிக்கு வரும் நம்மவர்கள், ஹோட்டலில் இட்டலியைத் தேடி அந்நாட்களைக் கழித்துவிடலாகாது. கொறுக்காய்ப் புளியும் தேங்காய்ப் பாலும் சேர்த்துச் சட்டியிலே வெகுநேரம் சுண்டவைத்த பொலஸ் கறி, துருவிய தேங்காயோடு கீரையை வதக்கிய மல்லுங், பண்டிகைக் காலையில் கட்டிச் சம்பலோடு உண்ணும் பாற்சோறு, எருமைத் தயிரின்மேல் வார்த்த கித்துள் பாணி ஆகியவற்றை, சாலையோரச் சாப்பாட்டுக் கடையிலேயானாலும் கேட்டு வாங்கி உண்ண வேண்டும். மரக்கறி உண்போர் மாசிக்கருவாடு சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். சம்பலிலும் கறியிலும் அது சாதாரணமாகக் கலந்திருக்கும்.

தேநீர் மட்டும் நாக்ஸ் இங்கே காணாதது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னரே அது இம்மலைகளின் செல்வமாயிற்று. ஆனால் பாலில்லாத அத்தேநீரைப் பருகுகையில் கண்டிப் பக்கத்தார் சிலர் சர்க்கரை கலவாமல், பழைய கித்துள் கருப்பட்டியையே ஒரு துண்டு கடித்துக்கொள்கிறார்கள்.