ஒரு கனவிசைத் தட்டும் அதன் காலமும்

மேனாட்டு ரொக் இசை பற்றி முற்போக்காளரிடையே இருவகைத் தீர்ப்புகள் வழங்கி வந்துள்ளன. ஒரு சாரார் அதனை வணிகக் கலாசாரத்தின் கழிவெனத் தள்ளுவர். மறு சாரார் இளைஞர் கலகத்தின் குரலெனக் கொண்டாடுவர். இரு சாராரும் தட்டு பிறந்த மண்ணை நோக்க மறந்துவிடுகின்றனர். 1978 ஆம் ஆண்டிலே பிரான்சில் ரிச்சார் பினாஸ் தம் தனிப்பெயரில் வெளியிட்ட 'குரோனோலிஸ்' என்னும் இசைத்தட்டை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அதிலே பாட்டு இல்லை, கோஷமும் இல்லை. கேட்போனை அரைத்துயிலில் ஆழ்த்தும் மின்னொலி அலைகளே உள்ளன. இத்தகைய கனவிசையிலே அரசியலைத் தேடலாமா எனின், தேடலாம் என்பதே எமது கருத்து.

1968 மே மாதத்தில் மாணவர் கிளர்ச்சியாகத் தொடங்கிய எழுச்சி, பிரான்சு முழுவதையும் உலுக்கிய பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. அதிலே பங்குகொண்ட தொழிலாளரை 70 இலட்சம் முதல் ஒரு கோடி வரையெனக் கணிப்பர். எழுச்சி தணிந்தபின் அரசு அளித்த சலுகைகளுள் ஒன்று, பாரிஸின் கிழக்கெல்லையில் வன்சேன் காட்டினிடையே அமைந்த பல்கலைக்கழகம். உயர்தரப் பரீட்சையில் தேறாத தொழிலாளருக்கும் அதன் கதவு திறந்திருந்தது. மாலையிலும் இரவிலும் வகுப்புகள் நடந்தன. கலகக்காரரை நகருக்கு வெளியே காட்டுக்குள் அனுப்பிவிட்டனர் என்று ஏளனம் செய்தோரும் உண்டு. அங்கே மெய்யியல் போதித்த ஜில் தெலூஸின் வகுப்புக்குச் சென்றவர்களுள் ஒருவரே 1951 இல் பிறந்த பினாஸ்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே வளர்ந்த உறவு வியப்புக்குரியது. 1972 இல் பினாஸின் குழு வெளியிட்ட சிறு தட்டொன்றில், இசையின் மேல் நீட்சேயின் பகுதியொன்றைத் தெலூஸே வாசித்திருக்கிறார். 1974 இல் பினாஸ் 'ஹெல்டன்' என்னும் குழுவின் முதல் தட்டைப் பெருங் கம்பனிகளின் வாசலில் காத்துக்கிடவாது, தாமே நிறுவிய டிஸ்ஜங்க்டா வெளியீட்டகத்தின் மூலம் கொணர்ந்தார். 'மின்னணுக் கெரில்லாப் போர்' என்பது அதன் பெயர். குழுவின் பெயரிலும் கசப்பான அங்கதம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் நோமன் ஸ்பின்ராட் 1972 இல் எழுதிய நாவலொன்றிலே, இட்லர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து மலிவுக் கதையாசிரியனாகிறான். அவன் கற்பனை செய்யும் 'தூய இன' நாடே ஹெல்டன்.

அத்தட்டின் ஓர் உருப்படி, 1974 மார்ச் 2 ஆம் நாள் பிராங்கோவின் ஆட்சி பார்சிலோனாச் சிறையிலே கழுத்தை நெரித்துக் கொன்ற இளம் அராஜகவாதி சல்வடோர் புய்க் அன்டிக்குக்கு அஞ்சலி. வேறோர் உருப்படியின் தலைப்பு கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் ஜோர்ஜ் மார்ஷேயைச் சீண்டுவது. 1968 மே மாதத் தொடக்கத்தில் மாணவர் தீவிரவாதிகளைக் கட்சி ஏட்டிலே கடிந்தெழுதியவர் அவர். அத்தலைமுறை அதை மன்னிக்கவில்லை. 1975 இல் வந்த இரண்டாம் தட்டின் உருப்படியொன்று ஒமர் டியோப் புளோண்டின் பெயரைத் தாங்கியது. செனெகல் நாட்டவரான அவர் கொதாரின் 1967 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றிலே தோன்றியவர். மே எழுச்சிக்குப்பின் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1973 மே 11 இல் கொரே தீவுச் சிறையில் மாண்டவர். தற்கொலை என்றது அரசு. குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. சொல்லற்ற இசை தலைப்பினாலேயே இவ்விருவருக்கும் நினைவுக்கல் நாட்டிற்று.

இனிக் 'குரோனோலிஸ்' தட்டுக்கு வருவோம். இங்கே தலைப்புகள் முற்றாக மாறிவிடுகின்றன. பிராங்க் ஹேர்பேட் 1965 இல் வெளியிட்ட 'டூன்' நாவலின் மாந்தரே எங்கும் வருகின்றனர். முதற் பக்கத்தில், அந்நாவலின் மறைஞானப் பெண்கூட்டத்தைப் பொருளாகக் கொண்ட ஏழு மாறுபாடுகள் உள்ளன. சில சுரங்களை வகுத்துக் கொடுத்தால் மூக் இயந்திரம் அவற்றைச் சளையாது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அருகிலிருக்கும் கலைஞன் குமிழ்களைத் திருகி ஒலியின் நிறத்தையும் கூர்மையையும் சிறிது சிறிதாக மாற்றுவான். முதலில் ஒன்றும் நிகழவில்லை போலத் தோன்றும். சற்றுப் பொறுத்தால், அதே சுரங்கள் வேறொன்றாகிவிட்டதை உணர்வோம். எக்கணத்தில் மாறின என்று சொல்ல இயலாது. பொறுமையற்றவர்க்கு இது தண்டனை. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. ஏறத்தாழ அரைமணி நேரம். அதற்கு இட்ட பெயர் போல் அட்ரெய்டிஸ். பாலைவன மக்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கி, இறுதியில் தானே பேரரசனாகிவிடும் பிரபு மகன்.

கழுத்து நெரிக்கப்பட்டும் சிறையிலும் மாண்டோரின் இடத்தைக் கற்பனை இளவரசர் பிடித்துக்கொண்டது ஏன்? 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் பிரான்சில் வேலையின்மை பெருகிற்று. சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் 1972 இல் செய்துகொண்ட கூட்டு வேலைத்திட்டம் 1977 செப்டெம்பரில் முறிந்தது; 1978 மார்ச்சுத் தேர்தலில் இடதுசாரிகள் தோற்றனர். முன்னாட் புரட்சியாளர் சிலர் மார்க்சியத்தையே குற்றக்கூண்டில் ஏற்றிப் 'புதிய மெய்யியலாளர்' எனப் பெயர் ஈட்டியதும் அக்காலத்திலேதான். பினாஸ் அந்தக் கூட்டத்தோடு சேரவில்லை. ஆயினும் அவருடைய இசை தெருவை விட்டு அகன்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எனினும் இதனை வெறும் தப்பியோட்டம் என முத்திரை குத்த எமக்கு மனமில்லை. 'குரோனோலிஸ்' என்பது காலத்தின் கரைவைக் குறிப்பது. தொர்தோஞ் பிரதேசத்து உழவர் குடும்பத்தில் பிறந்த மிஷெல் ஜூரி 1973 இல் எழுதிய 'நிச்சயமற்ற காலம்' என்னும் நாவலின் கருவான சொல். அந்நாவலிலே மருந்தொன்று மனிதரைக் காலம் கரைந்துபோன கனவு நிலத்துக்குக் கொண்டுசெல்கிறது. அந்நிலத்தையும் தம் உடைமையாக்கப் பெருங் கைத்தொழிற் சாம்ராச்சியங்கள் பாய்ந்து வருகின்றன. தொழிற்சாலையும் நேரக்கணக்கும் போதாதென்று, மனிதனின் கனவையும் கைப்பற்றத் துணியும் மூலதனத்தை அங்கே காண்கிறோம். அச்சொல்லைத் தாங்கிய தட்டிலே, இயந்திரத்தின் சலியாத சுழற்சியை மனிதக் கையொன்று கணந்தோறும் திசை திருப்பிக்கொண்டிருப்பதைக் கேட்கும்போது, உறக்கத்தை மட்டும் எம்மாற் கேட்க முடியவில்லை.

1979 இல் ஹெல்டனின் ஏழாவது தட்டு வந்தது. அதனோடு குழுவும் அடங்கிற்று. 1980 இல் வன்சேன் பல்கலைக்கழகம் சென் டெனிஸ் நகருக்கு மாற்றப்பட்டது. காட்டினிடையே இருந்த கட்டடங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1982 இல் தனித்தட்டொன்றை வெளியிட்டபின் பினாஸ் நெடுங்காலம் மௌனமாயிருந்து, தொண்ணூறுகளிலேயே மீண்டும் இசைக்குத் திரும்பினார். 1995 இல் தெலூஸ் மறைந்தார். அவரையும் இசையையும் பற்றிப் பினாஸ் எழுதிய நூல் 2001 இல் வெளிவந்தது.