காலிப் பணியிடமும் காத்திருக்கும் பட்டதாரியும்: தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை

ஆசிரியர் பற்றாக்குறைக்கு அத்தொழிலை நாடுவோர் குறைந்ததே காரணம் என்னும் பொது விளக்கம் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதில்லை. ஆசிரியர் பட்டயப் பயிற்சியும் கல்வியியல் பட்டமும் முடித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருக்க, அரசுப் பள்ளிகளில் பணியிடங்கள் நிரப்பப்படாமல் தொடர்கின்றன. ஆகவே இப்பற்றாக்குறையின் வேர் நியமன முறையில்தான் தேடப்பட வேண்டும்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, எட்டாம் வகுப்புவரை கற்பிப்போருக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய இத்தேர்வு, மதிப்பெண் தளர்வும், முந்தைய படிப்புகளின் மதிப்பெண்களையும் சேர்த்துத் தரவரிசைப்படுத்தும் 'வெயிட்டேஜ்' கணக்கீடும் வழக்குகளில் சிக்கியதால், 2013க்குப் பின் 2017 வரை அனைவருக்குமான தேர்வாக நடைபெறவில்லை. தகுதித் தேர்வில் வென்றோருக்குத் தனியே நியமனப் போட்டித் தேர்வு உண்டு என 2018இல் அரசாணை 149 அறிவித்தபோதும், அப்போட்டித் தேர்வு நடந்தது 2024இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஓய்வு வயது 58இலிருந்து 59ஆகவும் பின்னர் 60ஆகவும் உயர்த்தப்பட்டது, காலியிடங்களின் பெருக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டதேயன்றிக் குறைக்கவில்லை.

இடைவெளியை நிரப்பியவை தற்காலிக ஏற்பாடுகள். 2022இல் 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியே, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்னும் தொகுப்பூதியத்தில் நிரப்ப அரசு முனைந்தது. மாணவர் படிப்பு தடைபடக்கூடாது என்னும் நியாயம் இதற்கு உண்டெனினும், இத்தகைய மலிவான மாற்று கையிருப்பில் உள்ளவரை நிரந்தர நியமனத்தை விரைவுபடுத்தும் நெருக்கடி நிர்வாகத்துக்கு எழுவதில்லை.

எண்ணிக்கைக்கு இணையாகப் பங்கீடும் சிக்கலானது. வடமாவட்டப் பள்ளிகளில் நியமனம் பெறும் தென்மாவட்டத்தார் இடமாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர் திரும்புவதால், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் காலியிடங்கள் மீண்டும் மீண்டும் உருவாகின்றன. 60 மாணவர்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றுவிட, மற்றவர் பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையத் தளத்தில் வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டே ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டியிருக்கையில், மாநில அளவிலான ஆசிரியர்–மாணவர் விகிதம் எவ்வளவு நிறைவாக இருந்தாலும் அப்பள்ளிக்கு அதனால் பயனில்லை.

தீர்வுக்கான அடிப்படை அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு பள்ளியின் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது 26ஆம் பிரிவு. ஈராசிரியர் பள்ளியில் ஓரிடம் காலியானாலே ஐம்பது விழுக்காடு ஆகிவிடுவதால், அங்கே காலியிடமே கூடாது என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி உள்ளதால் எவர் எப்போது ஓய்வுபெறுவார் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. அதனைக் கொண்டு ஆண்டுதோறும் நியமனத் தேர்வை நடத்தி, கல்வியாண்டு தொடங்குமுன் நியமன ஆணை வழங்குவது இயலாத செயலன்று. மாவட்ட வாரியாகத் தேர்ந்தெடுத்துக் குறைந்தபட்சப் பணிக்காலத்தை விதிப்பது குடும்பத்தைப் பிரிந்து வாழ்வோருக்குச் சுமையே ஆதலால், மலைப்பகுதிகளிலும் பின்தங்கிய ஒன்றியங்களிலும் குடியிருப்பு வசதியும் கூடுதல் படியும் அவ்விதியுடன் சேர்ந்தே வர வேண்டும்.

காலியிடங்களைப் பெருக்கக்கூடிய புதிய காரணமும் ஒன்று சேர்ந்துள்ளது. பணியிலிருப்போரும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம் தந்தது. இவ்வவகாசத்துக்குள் தேர்வு வாய்ப்புகளை அடிக்கடி வழங்காவிடில், அனுபவம் மிக்க ஆசிரியர்களின் இடங்களும் காலிப் பட்டியலில் சேரும் நிலை உருவாகும்.